கம்பி யாருக்கு, துணி யாருக்கு

தபால் நிலையப் பார்சல் கவுன்டரில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவளிடம் போய் எடையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. சின்னவள் ஒரு பொருளைக் கையில் வாங்கி, ஒரு தடவை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, "நானூத்தி இருபது" என்பாள். தராசில் வைத்தால் நானூற்றுப் பதினைந்து காட்டும். அந்த ஐந்து கிராம் தராசோட தப்பு என்பாள். தராசு பாவம், எதிர்த்துப் பேசாது.

சின்னவள் என்று ஒருத்தி இருந்தால் பெரியவள் என்று ஒருத்தி இருக்க வேண்டுமே. இருந்தாள், கீழ் வீட்டில். அண்ணன் தம்பி இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு ஒரே கட்டடத்துக்கு வாழ வந்தவர்கள். அண்ணன் பெண்டாட்டி கீழே, தம்பி பெண்டாட்டி மாடியில். ஓரகத்திகள் என்றாலே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கமாட்டார்கள் என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு உண்டு. இவர்களும் பத்தொன்பது வருஷமாகத் தினம் சண்டை போட்டவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதிரெதிரே உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே போட்டார்கள்.

பெரியவளுக்கு வேலை சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைக்கும் கடையில். சின்னவளுக்குக் கையில் தராசு என்றால் அவளுக்குக் கண்ணில் டேப். ஆள் வாசலில் நுழையும்போதே தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று மனசுக்குள் குறித்துக்கொள்வாள். கடைக்கு வந்த சோபா ஒன்றுக்குக்கூட இதுவரை உறை ஒரு விரல் தொளதொளத்தது கிடையாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சின்னவளின் கவுன்டருக்கு ஒரு ஆள் எட்டு அட்டைப்பெட்டிகளோடு வந்து நின்றார். எட்டும் ஒரே அளவு, ஒரே எடை, ஆனால் எட்டும் வெவ்வேறு ஊருக்கு. அனுப்புநர் பெயர் எதுவோ அதேதான் பெறுநர் பெயரும்.

"என்ன சார், உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கிறீங்களா?" என்று சின்னவள் கேட்டாள். கேட்காமல் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஆமாம்மா. நடந்து போய் வாங்கிக்குவேன்."

மலைத்தொடரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எழுநூறு கிலோமீட்டர் நடைபாதை. நாற்பத்திரண்டு நாள். உடுப்பு, படுக்கை, அடுப்பு, கூடாரம் எல்லாம் முதுகில். சாப்பாடு மட்டும் ஐந்து நாளைக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊர்த் தபால் நிலையத்தில் அவருக்காகக் காத்திருக்கும். அவர் சொல்லிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சின்னவளுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. தன் பெயரை எழுதிய பெட்டி எங்கோ ஒரு மலையடிவாரத்தில் தனக்காக உட்கார்ந்திருக்கும் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

சாயங்காலம் கீழ் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னாள். இரண்டு ஆம்பளைகளும் சிரித்தார்கள். பெரியவள் சிரிக்கவில்லை.

"பெட்டில என்னடி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான், அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அடுத்த வெள்ளிக்கிழமை பெரியவள் கடையில் திரைச்சீலை அளவு எழுதும் நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் 'நான்' என்றும் வலப்பக்கம் 'அவ' என்றும் எழுதினாள். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் மேஜை அவர்களுடையது. யாருக்கு எந்தச் சாமான், எத்தனை கிராம், எந்த நாள் எவ்வளவு தூரம், எங்கே தண்ணீர் என்று எழுதி எழுதி அழித்தார்கள். பதினோரு வருஷத்தில் அந்த மாதிரி நாலு நோட்டு தீர்ந்தது.

எடையைக் குறைக்கிற பைத்தியம் இருக்கிறதே, அது தனி. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தார்கள். துண்டை இரண்டாகக் கிழித்தார்கள். சட்டைக் காலரில் இருக்கும் துணி லேபிளைக்கூடப் பெரியவள் பிளேடால் பிரித்தெடுத்து, "ஒரு கிராம் போச்சு" என்று ஊதிவிட்டாள். ஒருநாள் சீப்பின் பாதிப் பல்லை உடைத்துக்கொண்டிருந்தபோது சின்னவளின் புருஷன் எட்டிப் பார்த்தான். "மொட்டை அடிச்சுக்கிட்டா சீப்பே வேணாமே அண்ணி" என்றான். அவன் மேல் துண்டின் மற்ற பாதி பறந்தது.

ஒன்றில் மட்டும் இருவருக்கும் சச்சரவே வந்ததில்லை. கூடாரம் இரண்டு பேர் படுக்கிறது. தூக்குவதற்கு அதைப் பிரித்துத்தானே ஆக வேண்டும்? துணி ஆயிரத்து நூற்று ஐம்பது கிராம், சின்னவளுக்கு. கம்பியும் முளையும் சேர்ந்து எழுநூற்று இருபது, பெரியவளுக்கு.

"கோவிச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் போனீங்கன்னா ஒருத்திகிட்ட வெறும் துணி, ஒருத்திகிட்ட வெறும் கம்பி. ரெண்டு பேரும் நனைய வேண்டியதுதான்" என்றான் சின்னவளின் புருஷன்.

"அதுக்குத்தான் பிரிச்சிருக்கு" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்கு அந்தப் பிரிப்பு ஏன் அவ்வளவு பிடித்தது என்று சொல்லியாக வேண்டும். நாற்பத்தாறு வயதில் ஒரு ராத்திரிகூட அவள் தனியாகப் படுத்ததில்லை. சிரிக்காதீர்கள். பிறந்த வீட்டில் ஐந்து பேர் ஒரே அறையில். படிக்கும்போது விடுதியில் ஆறு கட்டில். அப்புறம் கல்யாணம், அப்புறம் மகள். புருஷனுக்கு நீரேற்று நிலையத்தில் வேலை; மாதத்தில் பத்து நாள் ராத்திரி ஷிப்ட். மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபிறகு அந்தப் பத்து நாளும் பெரியவள் தலையணையை இடுக்கிக்கொண்டு படியேறி வந்துவிடுவாள். "உங்க மாமா குறட்டை தாங்கலைடி" என்பாள். மாமாவுக்குக் குறட்டையே கிடையாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இந்த வருஷம் லீவு கிடைத்தது. அதுதான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. வருஷா வருஷம் நாற்பத்தைந்து நாள் கேட்பாள், வருஷா வருஷம் "ஆள் இல்லம்மா" என்று மேலதிகாரி கையை விரிப்பார். இந்தத் தடவை அதிகாரி புதுசு. சின்னவள் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பேச்சை ஆரம்பிப்பதற்குள், "இருபத்திரண்டு வருஷத்துல நீங்க இப்படி லீவு எடுத்ததே இல்லையே, போயிட்டு வாங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பேசாத பேச்சு தொண்டையில் நிற்க, சின்னவள் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா! குடுத்துட்டாங்க!"

பெரியவள் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் நின்றது. "குடுத்துட்டாங்களா?" என்றாள். அப்புறம், "சந்தோஷம்டி" என்றாள். மறுபடி மெஷின் ஓடியது. சின்னவள் இருந்த குஷியில் இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை.

கிளம்ப இன்னும் பத்தொன்பது நாள் இருந்தபோது முழுப் பாரத்தோடு ஒரு ஒத்திகை நடை. தண்ணீர்த் தொட்டி மேடு வரைக்கும் போய்த் திரும்பினால் பன்னிரண்டு கிலோமீட்டர். இதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் கடையில் அவசர வேலை என்று நழுவியிருந்தாள். இந்தத் தடவை சின்னவள் ஒற்றைக் காலில் நின்று இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பைகளும் பெரியவள் கையாலேயே தைத்தவை, மூன்று வருஷத்துக்கு முன்னால். நனையாத துணி, இரட்டைத் தையல், அகலமான இடுப்புப் பட்டை. கடையில் விற்கிற பையெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

மேட்டுக்கு ஏறும் தெருவில் சின்னவள் முன்னால் போனாள். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பெரியவள் பட்டையை மேலே இழுத்துவிட்டாள். நாலு எட்டு வைப்பதற்குள் அது வழுக்கித் தொடையில் வந்து உட்கார்ந்தது. மறுபடி இழுத்தாள். பாரம் மொத்தமும் தோளில் தொங்கியது. பாரம் இடுப்பில்தான் நிற்க வேண்டும், தோளில் நின்றால் மூன்றாவது நாளே படுத்துவிடுவோம் என்று சின்னவளுக்குப் பாடம் எடுத்தவளே இவள்தான்.

சின்னவள் நின்றாள். பெரியவள் அவளைவிட ஒரு தலை குள்ளம். பையோ சின்னவளுடையது எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம்.

"அக்கா, இந்தப் பை உங்களுக்குத் தச்சது இல்ல."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு."

"இது நாப்பத்தெட்டு சென்டி. என் முதுகு அளவு. உங்க முதுகை யாரு அளந்தா?"

தன் முதுகைத் தானே அளக்க முடியாது என்பது தையல் தெரியாதவர்களுக்கும் தெரியும். யாராவது ஒருத்தர் பின்னால் நின்று டேப் பிடிக்க வேண்டும். சின்னவள் பிடிக்கவில்லை. அவளைப் பிடிக்கச் சொல்லிப் பெரியவள் கேட்கவும் இல்லை. ஊரில் இருக்கும் ஒவ்வொரு நாற்காலிக்கும் அளவு பார்த்துத் தைக்கிறவள், தன் பைக்கு அளவு எடுக்க மறந்துபோனாள் என்று சொன்னால் நம்புவதற்கு யாராவது கேனை இருந்தால்தான் உண்டு.

பெரியவள் பையைக் கழற்றித் தெருவோரச் சுவரில் சாய்த்து வைத்தாள். "ஒண்ணு கிழிஞ்சா மாத்திக்க இன்னொண்ணு வேணும்ல" என்றாள். "பாதி வழில தையல் விட்டுருச்சுன்னா நீ என்ன பண்ணுவ? நான் இங்கேருந்து அனுப்பி வைக்கணும்ல?"

"இங்கேருந்தா?"

"இங்கேருந்துதான்."

சின்னவள் தன் பையையும் கழற்றிக் கீழே வைத்தாள். "எப்ப முடிவு பண்ணீங்க?"

"துணி வெட்டும்போது."

"துணி வெட்டி மூணு வருஷம் ஆச்சுக்கா!"

"கத்தாதடி, தெருவுல எல்லாரும் பாக்குறாங்க." பெரியவள் சுவரோரம் கல்லில் உட்கார்ந்தாள். "எனக்கு மலை பிடிக்காது. பூச்சி பிடிக்காது. உண்மையைச் சொல்லணும்னா, நடக்கவே பிடிக்காது. செவ்வாக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உன்கூட அந்த மேஜைல உக்காந்திருக்கேன் பாரு, அதுதான் பிடிக்கும். காலைல எந்திரிக்கும்போதே இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு மனசு சொல்லும். ஒவ்வொரு வருஷமும் உனக்கு லீவு இல்லன்னு சொல்லுவாங்க. நீ அழுவ. நான் உன்னைச் சமாதானம் பண்ணுவேன். உள்ளுக்குள்ள எனக்கு என்னமோ பெரிய நிம்மதியா இருக்கும். நான் கெட்டவதான், போ."

"பதினோரு வருஷம் என்னை ஏமாத்தியிருக்கீங்க" என்றாள் சின்னவள். "நான் தனியா எப்படிக்கா போவேன்? உங்களுக்குத் தெரியாதா என்னைப் பத்தி?"

தெரியும். தெரிந்ததால்தான் பெரியவள் அதைச் சொல்லாமலே மூன்று வருஷம் ஓட்டியிருந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு, பத்தடி இடைவெளி விட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

அதற்கப்புறம் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கீழே இருந்து மேலே போக வேண்டிய சேதியெல்லாம் ஆம்பளைகள் வழியாகப் போனது. "பால் பாக்கெட் கூடுதலா இருக்காம், வேணுமான்னு கேக்குறா" என்று பெரியவளின் புருஷன், பெரியவர், படியேறி வந்து மூச்சிரைக்கக் கேட்பார். "வேணாம்னு சொல்லுங்க மாமா" என்று சின்னவள் அனுப்புவாள். பெரியவர் பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளர். ஒருநாளில் நாலு தடவை மாடிப்படி ஏறியதில் மனுஷனுக்கு முழங்கால் வீங்கியது. "கம்பி அண்ணிகிட்டதானே இருக்கு? அவங்க கம்பி நீட்டுனதுல ஆச்சரியமே இல்ல" என்று சின்னவளின் புருஷன் ஒரு ஜோக் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே அது பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில், லீவு வேண்டாம் என்று சின்னவள் ஒரு கடிதம் எழுதினாள். நாலே வரி. எழுதி முடித்து மடித்து இழுப்பறையில் போட்டாள். வெள்ளிக்கிழமைதான் அதிகாரி ஊரிலிருந்து வருகிறார், அன்றைக்குக் கொடுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து வரும்போது, ஆமாம், நான் கோழைதான், இப்ப என்ன, என்று பஸ்ஸில் பக்கத்து ஸீட்டு அம்மாள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

மாடிப்படித் திருப்பத்தில் எட்டு பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெரியவள் இரண்டு மாசமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியவை. ஆமாம், எட்டு. முதல்முதலில் வந்த அந்த ஆளின் கணக்கையே இவர்களும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போகாத ஊருக்குப் பெட்டி எதற்கு? பிரித்து, நிலக்கடலையும் உலர்ந்த பழமும் சமையலறைக்கே போகட்டும் என்று நினைத்து, சின்னவள் மேலே இருந்த பெட்டியைத் தூக்கினாள்.

மூணு கிலோ அறுநூறு என்றது கை.

தூக்கியபடியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஓர் ஆளுக்கு ஒருநாள் சாப்பாடு எழுநூறு கிராம். அது நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு பேர், ஐந்து நாள் என்றால் ஏழு கிலோ வர வேண்டும். இது ஒருத்திக்கான பெட்டி. அடுத்ததைத் தூக்கினாள், அதற்கு அடுத்ததை. எட்டும் ஒருத்திக்குத்தான். பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு துணிப்பை; ஒவ்வொன்றிலும் ஒரு சூப் பொட்டலம், ஒரு பிஸ்கட் பாக்கெட். ஐந்தாவது பெட்டியில் ஒரு ஜோடி காலுறை இருந்தது. அதோடு ஒரு சீட்டு, பெரியவள் கையெழுத்தில்: 'இங்க வரும்போது முதல் ஜோடி கிழிஞ்சிருக்கும். கிழியலைன்னாலும் மாத்திக்க.'

சின்னவளுக்குச் சாட்டையால் அடித்தது போல் இருந்தது, ஆனால் காலுறைக்காக அல்ல. இந்தப் பெட்டிகளைப் போன மாசம் இந்த இடத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கியதே அவள்தான். அஞ்சு கிராமுக்குத் தராசோடு சண்டை போடுகிற கை, மூன்றரை கிலோ குறைந்ததைச் சொல்லாமலா இருந்திருக்கும்? சொல்லியிருக்கும். அவள் காது கொடுத்துக் கேட்கவில்லை. கேட்டால், அக்கா, ஏன் இது ஒருத்திக்கான எடை, என்று வாயைத் திறக்க வேண்டிவரும். திறந்தால் பதில் வந்துவிடும். ஏமாற்றினாள் ஏமாற்றினாள் என்று இரண்டு நாளாக மனசுக்குள் புலம்பியதெல்லாம் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கீழே இறங்கினாள். கதவு திறந்திருந்தது. செவ்வாய்க்கிழமை ஆயிற்றே. பெரியவள் மேஜையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் டீ ஆறிப்போயிருந்தது.

"பெட்டி மூணு அறுநூறு" என்றாள் சின்னவள்.

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். "மூணு ஐநூத்தி எண்பது."

"அது தராசோட தப்பு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது. பெரியவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீயைச் சூடு பண்ணப் போனாள். திரும்பி வந்தபோது சின்னவள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் யோசிச்சிருக்கீங்க. எட்டையும் மொத்தமா முன்னாடியே அனுப்பாம ஒவ்வொண்ணா அனுப்பணும்னுகூட எழுதியிருக்கீங்க."

"நீ போன் பண்ணி என்ன தேவைன்னு சொல்லுவ. அதை அடுத்த பெட்டில போட்டு அனுப்பலாம்ல? நாப்பத்திரண்டு நாளும் எனக்கு இங்க வேலை இருக்கும்."

"ராத்திரி தனியா எப்படிக்கா படுக்குறது?"

பெரியவள் சூடு பண்ணிய டீயை அவள் பக்கம் நகர்த்தினாள். "அதுக்கு மட்டும்தான்டி நான் எதுவும் தச்சு வைக்கல. என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல."

எப்படியும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மொட்டை மாடியில் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தனியாகப் படுத்துப் பார்ப்பது என்று சின்னவளே சொன்னாள். புருஷனுக்கு இந்த வாரம் ராத்திரி ஷிப்ட், வீட்டில் ஆள் இல்லை. முடிந்தால் போவது. முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை இழுப்பறையில் இருக்கும் கடிதம் அதிகாரி மேஜைக்குப் போவது.

புதன்கிழமை படுத்தாள். வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குக் கண் விழித்தபோது அவளால் நம்பவே முடியவில்லை. இடையில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை! கூடாரத்தை விட்டு வெளியே வந்து, மாடியில் தனியாக ஒரு சின்ன ஆட்டம் ஆடினாள். ஆடிவிட்டுக் கீழே இறங்கலாம் என்று மாடிக் கதவைத் தள்ளினால், கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. எதிலோ இடித்தது.

கடைசிப் படியில் பெரியவள். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

பெரியவள் திடுக்கிட்டு விழித்தாள். "நான் ஒண்ணும் பண்ணலடி. சும்மாதான் உக்காந்திருந்தேன். மூச்சுகூட விடல."

"இருமுனீங்க. தூக்கத்துல கேட்டுச்சு. கேட்டுட்டு நிம்மதியா திரும்பிப் படுத்தேன்." சின்னவளுக்கு ஆத்திரம் மூக்கு முட்ட வந்தது. "அதான் தூங்கியிருக்கேன். நீங்க இருந்தா நான் எங்கதான் தூங்க மாட்டேன்? இது செல்லாது. இன்னைக்கு மறுபடியும் படுக்குறேன். நீங்க உங்க வீட்டுல படுக்குறீங்க."

"சரிடி."

"சரின்னா பத்தாது."

பெரியவரைக் கூப்பிட்டாள். "மாமா, இன்னைக்கு ராத்திரி வாசக்கதவை உள்ளே பூட்டி, சாவியை உங்க தலைமாட்டுல வெச்சுக்கங்க. இவங்க கேட்டா குடுக்காதீங்க." டிப்போவில் பஸ்ஸை ஒரு நிமிஷம் முன்னால்கூட விடாத மனுஷர் அவர். சாவியைத் தலைமாட்டில் வைப்பதற்குப் பதிலாகக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை. பெரியவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று கேட்டால், படுத்தால்தானே எழுவதற்கு. ஐந்து மணிக்கே சாவியைக் கேட்டு வாங்கிக் கதவைத் திறந்து வைத்தாள். படியேறிப் போய்ப் பார்க்கக் கால் துறுதுறுத்தது. போகவில்லை. நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள், பென்சிலைச் சீவினாள், சீவிய பென்சிலையே மறுபடியும் சீவினாள்.

ஆறே காலுக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. சின்னவள் உள்ளே வந்தாள். தலை பரட்டை, கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"தூங்குனியா?"

"இல்லக்கா."

"கொஞ்ச நேரம்கூடவா?"

"கண்ணையே மூடல. ராத்திரி பூரா காத்து. துணி படபடன்னு அடிச்சுது. யாரோ நடக்குற மாதிரியே இருந்துச்சு. ரெண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தொட்டி நிரம்பி வழிஞ்சுது, அது தண்ணிச் சத்தம்னு புரியிறதுக்குள்ள உயிர் போயிட்டு வந்துச்சு. அழுதேன். உங்களைத் திட்டுனேன். நல்லாத் திட்டுனேன்."

பெரியவள் பென்சிலைக் கீழே வைத்தாள். இழுப்பறைக் கடிதம் அவளுக்கும் தெரியும். எத்தனையோ வருஷம் லீவு இல்லை என்று கேட்டபோது உள்ளுக்குள் வந்த நிம்மதி இப்போதும் வரும் என்று ஒரு நொடி காத்திருந்தாள். வரவில்லை.

"சரி விடு" என்றாள். "முடியலைன்னா விட்டுடு. இதுல என்ன இருக்கு?"

"கீழ இறங்கலக்கா."

"என்ன?"

"தூங்கல. ஆனா கீழ இறங்கி வரல. கதவு தொறந்துதான் இருந்துச்சு. பத்து படி இறங்குனா என் கட்டில். விடியுற வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன்."

பெரியவள் அவளையே பார்த்தாள். அப்புறம் நோட்டை இழுத்து, பக்கத்தைத் தேடி, இடப்பக்கத்தில் 'நான்' என்பதற்குக் கீழே பதினோரு வருஷமாக நோட்டுக்கு நோட்டு மாறாமல் வந்த 'கம்பி, முளை – 720' என்ற வரியை அடித்தாள். வலப்பக்கம் 'அவ' என்பதற்குக் கீழே, துணிக்கு அடுத்த வரியில், அதையே திரும்ப எழுதினாள். எழுதும்போது மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினாள்.

"எழுநூத்தி இருபது ஏறுது" என்றாள், நிமிராமல். "எதை இறக்கப் போற, சொல்லு."